ஊழியமா, உயர்பதவியா?
"ஊழியக்காரர்" என்பது இன்று ஒரு பட்டமாகிவிட்டது. தோட்டத்துக் கோயிலுக்கு அவர் எழுந்தருளினால் மாலை, தனி நாற்காலி, தனிப் பந்தி! எச்சில் இலையை எடுப்பவளோ, விடியுமுன் பால் வெட்டப் போய்த் திரும்பிய கிழவி. யார் இங்கே ஊழியம் செய்கிறார் என்று கேட்கிறோம்.

இதே நெகிரி செம்பிலானில், பகாவ் காட்டில், ஜப்பானியர் ஆட்சியின்போது 1943 இறுதி முதல் சிங்கப்பூர்க் கத்தோலிக்கர் குடியேற்றப்பட்டனர். மலேரியா அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. மலாக்கா மேற்றிராணியார் தெவால்ஸ் அவர்களோடு சென்றார். மண்வெட்டி பிடித்துத் தாமும் மண் கொத்தினார். (பிரெஞ்சுக்காரர், நம்மவரின் சாதி மேன்மை அவருக்கு விளங்கவில்லை போலும்!) அம்மண்வெட்டியால் காலிற்பட்ட காயம் விஷமேறி 1945 ஜனவரியில் மாண்டார்.

பெரிய வியாழனன்று பன்னிருவர் பாதம் கழுவிவிட்டு, மறுநாளே கூலிக்காரன் வீட்டுத் தண்ணீருக்குக் கூசும் கனவான்கள் அந்தக் காலை எண்ணிப் பார்க்கட்டும். நாற்காலியை அந்தக் கிழவிக்குப் போடட்டும்.