நீலகிரியில் சைக்கிள் பயணம்: காட்டுக்குள் தடமும் வேண்டாம், சாலை விரிவாக்கமும் வேண்டாம்

நீலகிரிக்குச் சைக்கிளில் வருகிறவர்களுக்காக வனத்துக்குள் தனித் தடம் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை சைக்கிள் ஓட்டிகளிடமிருந்தும் சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்களிடமிருந்தும் அவ்வப்போது எழுகிறது. மலைச்சாலைகளை அகலப்படுத்தி ஓரத்தில் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கலாம் என்பது இதே கோரிக்கையின் இன்னொரு வடிவம். சைக்கிள் பயணத்தை வளர்ப்பதற்காகவே இயங்கும் எங்கள் அமைப்பு இரண்டையும் ஏற்கவில்லை. இந்த மலையில் சைக்கிளுக்குத் தேவையான சாலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் ஓடும் வண்டிகளின் வேகத்தையும் அவை ஓடும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தினால் போதும். ஒரு மரத்தையும் வெட்டாமல், ஒரு சரிவையும் குடையாமல் இதைச் செய்ய முடியும்.

முதலில் காட்டுத் தடம். 1986-இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் 5,520 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கிறது. முதுமலை, பந்திப்பூர், வயநாடு, சத்தியமங்கலம் என்று நாம் பெயர் பிரித்துச் சொன்னாலும் யானைக்கு அது ஒரே காடு. சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை மறித்த தங்கும் விடுதிகள் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் வழித்தடத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அதை உறுதி செய்தது. இவ்வளவு போராடி மீட்ட இடத்தில், புகை விடாத வண்டிதானே என்று சொல்லிக்கொண்டு நாம் புதிய தடம் போடக் கூடாது. சைக்கிளால் காட்டுக்குக் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை பாதி உண்மைதான். புகையும் இரைச்சலும் இல்லை, சரி. அந்த அமைதியே காட்டில் ஆபத்தாகிறது. லாரி வருவதைத் தொலைவிலேயே கேட்டு விலகும் விலங்கு, இறக்கத்தில் சத்தமில்லாமல் வளைவைத் திரும்பும் சைக்கிளைப் பத்து அடி தூரத்தில்தான் காணும். அப்போது அது பார்ப்பது இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்த உருவத்தை அல்ல, வெட்டவெளியில் வரும் மனிதனை. குட்டியோடு நிற்கும் யானையோ இலந்தைப் புதரில் மேயும் கரடியோ அதற்குக் காட்டும் எதிர்வினை வேறு. யானையால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை ஓட முடியும். பைகளைச் சுமந்து ஏற்றத்தில் மிதிப்பவர் 7 அல்லது 8 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை.

முதுமலை வழியாகக் காரும் பஸ்ஸும் போகும்போது சைக்கிள் மட்டும் ஏன் ஒதுங்க வேண்டும் என்று எங்கள் உறுப்பினர்களே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. சரணாலயத்தின் ஊடே செல்லும் பொதுச் சாலையில் கடந்துபோகிறவர்களுக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 27-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு கடந்துபோவதற்கானது. கார் சில நிமிடங்களில் தாண்டும் தூரத்தைச் சைக்கிள் ஓட்டி ஒரு மணி நேரம் மிதிக்கிறார். தண்ணீர் குடிக்க நிற்கிறார், பஞ்சர் ஒட்ட நிற்கிறார், பின்னால் வருகிற தோழருக்காகக் காத்திருக்கிறார். சட்டப்படி அவர் தவறு செய்யவில்லை. விலங்கின் கண்ணுக்கு மட்டும் அவர் கடந்துபோகிறவராக இல்லை. பந்திப்பூரில் 2009-இல் வந்த இரவுப் போக்குவரத்துத் தடையும் திம்பம் மலைப்பாதையில் இப்போது இருக்கும் இரவுத் தடையும் காட்டுச் சாலைகளில் வண்டிகளைக் குறைக்கும் திசையிலேயே போகின்றன. அந்தத் திசைக்கு எதிராகச் சைக்கிள் ஓட்டிகள் நிற்கக் கூடாது. ஆகவே தொரப்பள்ளி, தெப்பக்காடு, மசினகுடி சாலைகளையும், அவற்றோடு சேர்த்துக் கல்லட்டி ஏற்றத்தையும் எங்கள் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்குகிறோம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி, ஏற்றம் ஏறுகிறவர்களிடையே நாடறிந்த பெயர். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் பயணத்தின் வழியாகப் பலர் அதை அறிந்தார்கள். அதை விட்டுக்கொடுப்பது எங்களுக்கு வலிக்கிறது. ஆனாலும் அதன் அடிவாரம் யானைக் காடு. அங்கே போக விரும்புகிறவர்கள் பஸ்ஸில் போகலாம்.

அடுத்தது சாலை விரிவாக்கம். இதைக் கேட்கிறவர்கள் நீலகிரியின் மண்ணைக் கணக்கில் எடுக்கவில்லை. உறுதியான பாறையின் மேல் பல அடி கனத்துக்குச் சிதைந்த களிமண் போர்த்தியிருக்கும் மலை இது. சாலைக்காகச் சரிவின் அடியை வெட்டினால் மேலே உள்ள மண்ணைத் தாங்கி நிற்பது போய்விடுகிறது. மழை நீர் இறங்கியதும் அது வழுக்கி வருகிறது. 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழையின்போது குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கிழக்குச் சரிவு ஒரு பருவமழையில் நனைகிறது, மேற்குச் சரிவு இன்னொன்றில். இந்த மலையில் சைக்கிளுக்காக ஒன்றரை மீட்டர் அகலப்படுத்தினாலும் அது மேல் பக்கச் சரிவை வெட்டித்தான் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. அகலமான சாலை வண்டிகளின் வேகத்தைக் கூட்டும். சைக்கிளுக்கென்று கேட்டு வாங்கிய இடத்தில் சீசன் நாளில் கார்கள் நிற்கும், அல்லது முந்திச் செல்லும். சமவெளி நகரங்களில் சைக்கிள் பாதைகள் வண்டி நிறுத்துமிடங்களானதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அப்படியானால் பாதுகாப்புக்கு வழி என்ன? மலைச்சாலையில் ஏறுகிற சைக்கிளும் இறங்குகிற சைக்கிளும் ஒன்றல்ல. இறங்குகிறவர் கிட்டத்தட்ட மற்ற வண்டிகளின் வேகத்திலேயே போகிறார். ஏறுகிறவர்தான் மெதுவாக, சற்றே தள்ளாடியபடி, நீண்ட நேரம் சாலையில் இருக்கிறார். இடப்புறமாகத் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவின் உள்விளிம்புதான் மிகவும் செங்குத்து. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே பல இடங்களில் அரை அடிப் பள்ளம், அதையடுத்து வடிகால். ஏறுகிறவர் அங்கே விளிம்போடு ஒட்டிப் போனால் சக்கரம் நின்றுவிடும். அதனால் சரிவு குறைந்த நடுப்பகுதிக்கு நகர்கிறார். அதே வளைவில் மேலிருந்து இறங்கும் பஸ்ஸுக்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். மலையில் பல ஆண்டு ஓட்டிப் பழகிய அரசுப் பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்து, நின்று, ஏறுகிறவரை விடுவார். சமவெளியிலிருந்து வார இறுதியில் வரும் கார் ஓட்டிக்கு இது தெரிவதில்லை. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதி முன்பிருந்தே இருக்கிறது. அதைச் சோதனைச்சாவடியில் சொல்லிக் கொடுப்பதும், வளைவுகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரம்பை உண்மையாகவே அமல்படுத்துவதும், தார் விளிம்புப் பள்ளங்களை மண் நிரப்பிச் சமப்படுத்துவதும்தான் எங்கள் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை நேரம் பற்றியது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கிலோமீட்டர், ஏறத்தாழ 1,450 மீட்டர் ஏற்றம். சுமையோடு மிதிப்பவருக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் ஆகும். கோடைச் சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் காவல்துறை ஏற்கெனவே திருப்பிவிடுகிறது. சீசன் இல்லாத மாதங்களில் வார நாட்களின் காலை 11 மணி வரை சுற்றுலா வண்டிகளை ஏறவும் இறங்கவும் குன்னூர் சாலைக்குத் திருப்பி, கோத்தகிரி சாலையை உள்ளூர் போக்குவரத்துக்கும் சைக்கிளுக்கும் விட்டால் என்ன? 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு இ-பாஸ் இருக்கிறது. 2025 கோடையில் வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. வண்டியை எண்ண முடிகிற ஏற்பாட்டில் வழியையும் நேரத்தையும் குறிப்பது கடினமல்ல. இதனால் மலைவாசிகளுக்குச் சிரமம் வருமா என்ற அச்சம் எங்களுக்கும் உண்டு. கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரி, பள்ளி வண்டி, ஆம்புலன்ஸ், அரசுப் பேருந்து எதையும் தடுக்க நாங்கள் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சைக்கிள் ஓட்டிகள் தரப்பில் உறுதியாக வேண்டும்: இருட்டில் கிளம்பக் கூடாது. அடிவாரத்தில் யானைகள் சாலையைக் கடக்கும் நேரம் அதிகாலை. குளிர்ச்சிக்காக நான்கு மணிக்கே மிதிக்கத் தொடங்கும் வழக்கத்தை விட்டு, நன்றாக விடிந்த பிறகு புறப்பட வேண்டும்.

தனித் தடம் இருந்தால் உள்ளூருக்கு வருமானம் வரும் என்பார்கள். சைக்கிளில் வருகிறவரின் பணம் எங்கே செலவாகிறது என்று பாருங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை அவருக்குத் தேநீரும் வாழைப்பழமும் வேண்டும். ஒரே நாளில் மலையைச் சுற்றித் திரும்ப அவரால் முடியாது, இரண்டு மூன்று இரவுகள் தங்குவார். இவை எல்லாம் சாலையோர ஊர்களில் கிடைப்பவை. காட்டுத் தடத்தில் தேநீர்க் கடை இருக்காது, இருக்கவும் கூடாது. கட்டபெட்டு, கீழ்க்கோத்தகிரி, கோடநாடு, எமரால்டு, இத்தலார், மஞ்சூர் வரை தேயிலையும் காய்கறித் தோட்டங்களும் படுகர் ஊர்களும் வழியாகச் செல்லும் சாலைகளில் எத்தனையோ நாள் மிதிக்கலாம். அங்கும் காட்டுமாடும் கரடியும் வரும், ஆகவே மாலை ஐந்து மணிக்குள் ஊர் சேர வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் தடை உள்ள மாவட்டம் இது. சாலையோரத் தண்ணீர் ஏடிஎம்கள் தடையின்றி இயங்கினால் அதுவே சைக்கிள் பயணிக்குச் செய்யும் பெரிய உதவி.

எங்கள் பயணக் குழுக்கள் இந்த வரம்புகளை இன்று முதல் கடைப்பிடிக்கும். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள், பின்தொடரும் கார்களும் பாட்டு ஒலிபெருக்கியும் இருக்காது. மாவட்ட நிர்வாகம், நெடுஞ்சாலைத் துறை, காவல்துறை ஆகியவற்றிடம் ஒன்று கேட்கிறோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சீசன் தொடங்காத பிப்ரவரி மாதத்தில், வார நாட்களின் காலை நேரத்தில் மட்டும், கோத்தகிரி சாலையில் இந்த ஏற்பாட்டைச் சோதித்துப் பாருங்கள். உள்ளூர் மக்களுக்கு இடைஞ்சல் என்று தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த முடிவை நாங்கள் ஏற்போம்.