அஞ்சு அடி மண்ணு மட்டும் விடச் சொல்லுங்க!

புது வீடு முடியப் போகுது. காம்பவுண்ட் முழுக்க டைல்ஸ் போட அப்பா ரேட் பேசிட்டு இருக்கார். உங்க வீட்டு நிலவரம் இதுதானா? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான். 'ஒரு மூலைல அஞ்சு அடி மண்ணு மட்டும் விட்டுடுங்கப்பா'ன்னு இன்னைக்கே சொல்லிடுங்க. டைல்ஸ் ஒட்டினப்புறம் பெயர்க்க எந்த அப்பாவும் ஒத்துக்க மாட்டார்!

அடுத்து நர்சரி. உள்ளே போனதும் கண்ணு நேரா பூவுக்குத்தான் போகும். மயங்கிடாதீங்க பாஸ். பத்து வருஷம் கழிச்சு இது எவ்வளவு பெருசா நிக்கும்னு முதல்ல கேளுங்க. கோடையில செக்கச்செவேல்னு பூக்கிற குல்மோஹர் நம்ம ஊர்க்காரர் இல்லை, மடகாஸ்கர்லேர்ந்து வந்தவர். வேர் ஆழமா இறங்காது, கிளை பட்டுனு ஒடியும். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டப்போ விழுந்த மரங்கள்ல இவரும் ஏராளம். மைதானத்துல நிக்கட்டும், உங்க வீட்டு ஈ.பி. வயருக்குக் கீழே வேண்டாம். 'சீக்கிரம் பச்சைப் பசேல்னு வளரும் சார்'னு யாராச்சும் கோனோகார்பஸை நீட்டினா கும்பிடு போட்டு வந்துடுங்க. 2023-ல குஜராத்தும் 2025-ல தமிழ்நாடும் அதை நடத் தடை போட்டாச்சு. அரளி? பூவிலேர்ந்து வேர் வரைக்கும் விஷம். வீட்டுல வாண்டுகள் இருந்தா யோசிங்க.

என் ஓட்டு பவளமல்லிக்கு. சின்ன மரம்தான், சுவரை இடிக்காது. ராத்திரி பூத்து, விடியறப்போ தானா உதிர்ந்து கிடக்கும். பக்கத்துல ஒரு செம்பருத்தி வெச்சா தேன்சிட்டு தேடி வரும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வெச்சா புழு வரும். உடனே மருந்தைத் தூக்காதீங்க. அதுல பாதி, நாளைக்குப் பட்டாம்பூச்சி ஆகப்போற பார்ட்டி!

சரி, பழத்துக்கு வருவோம். இங்கேதான் ஒரு கேள்வி இருக்கு. இன்னும் மூணு வருஷத்துல நீங்க வேலைன்னு பெங்களூருக்கோ புனேவுக்கோ பறந்துடுவீங்க. தண்ணி ஊத்தப் போறது யாரு? முட்டி வலியோட அம்மாதான். தினமும் குடம் தூக்க வைக்கிற மரத்தை அவங்க தலையில கட்டறது நியாயமா? சீத்தா, மாதுளை, நெல்லி எல்லாம் முதல் ரெண்டு வருஷம் கவனிச்சா போதும், அப்புறம் ஓரளவு வறட்சியைத் தாங்கிக்கும். நெல்லியை மட்டும் ஒத்தையா வெக்காதீங்க. பக்கத்துல வேற ரகம் ஒண்ணு இருந்தாத்தான் காய் நல்லா பிடிக்கும். இடம் இல்லைன்னா கொய்யா போதும். லக்னோ-49 ரகத்துல பதியன் கன்னு கேளுங்க, விதைக் கன்னைவிட சீக்கிரம் காய்க்கும். அவசரக்காரங்களுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.-1 முருங்கை இருக்கு. விதை போட்டு ஆறே மாசத்துல சாம்பாருக்குக் காய்! ஆனா வாசலை ஒட்டி வெச்சுட்டு, கம்பளிப்பூச்சி வந்துச்சுன்னு என்னைத் திட்டக் கூடாது. பப்பாளின்னா ஒரே குழியில மூணு கன்னு நடுங்க. நாட்டு ரகத்துல ஆண், பெண் தனித்தனி. பூத்தப்புறம்தான் யார் யாருன்னு தெரியும். அப்போ காய்க்கிற ஒண்ணை விட்டுட்டு மத்ததை எடுத்துடலாம்.

மா ஒட்டுக் கன்னு வாங்கினா ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். அதுக்குக் கீழே வர்ற துளிரைக் கிள்ளிடுங்க, இல்லேன்னா நீங்க காசு கொடுத்த ரகம் போயிடும். ரெண்டடிக்கு ரெண்டடி குழி வெட்டி, தொழுவுரமும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் மண்ணோட கலந்து, ஐப்பசி மழைக்கு முன்னாடி நட்டுடுங்க. நடறப்போ பாலிதீன் கவரைக் கிழிச்சு எடுத்துடுங்க. சிரிக்காதீங்க, கவரோடவே புதைக்கிற ஆளுங்க நிஜமாவே இருக்காங்க!