முகம் மாறாத பிரதி



சென்ற இதழில் சீட்டுக் கட்டும்போது கவனிக்க வேண்டியவற்றை எழுதியிருந்தேன். பலர் தொலைபேசியில் கதைத்தீர்கள். மகிழ்ச்சி. இம்முறை காசு பற்றியல்ல, படம் பற்றி எழுதுகிறேன். எங்களிடம் எஞ்சியிருக்கும் புகைப்படங்களை எப்படி நல்ல முறையில் பிரதி எடுத்து வைப்பது? "இதுவும் ஒரு விடயமா?" என்று சிலர் நினைக்கலாம். முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த வீட்டில் மூன்று பேர். ஒரு அக்கா, அவருடைய மாமியார், படிக்கின்ற மகள். அக்காவின் கணவர் 2009 ஆம் ஆண்டுக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. ஊர் ஊராக இடம்பெயர்ந்ததில் கல்யாண அல்பமும் போய்விட்டது. கையில் ஒரு படம்கூட இல்லை. பல வருடங்களின் பின்னர், கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் பழைய அல்பத்தைப் புரட்டியிருக்கிறார். சமாதான காலத்தில், 2003 இல், ஊருக்கு வந்தபோது ஒரு சாமத்திய வீட்டில் எடுத்த படத்தில் அக்காவின் கணவர் பின்வரிசையில் நிற்பதைக் கண்டு, அதைப் போனில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

அக்கா அதை ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போடச் சொன்னார். கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் வேலை செய்திருக்கிறார். கூட்டத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, பின்னால் நீல நிறம் போட்டு, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவித்து, மங்கலாக இருந்த முகத்தைக் கணினியில் "துப்புரவாக்கி"க் கொடுத்தார். நல்ல பளபளப்பான படம். மாமியார் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தாராம். பிறகு சொன்னாராம்: "இது ஆற்ற பிள்ளை? என்ர பிள்ளைக்குப் புருவத்திலை தழும்பு இருக்கும். மாமரத்தாலை விழுந்தவன். இதிலை அது இல்லையே."

நான் போன அன்று அந்தப் படம் அலுமாரிக்கு மேலே, சுவரைப் பார்த்தபடி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. "காசு போனது பரவாயில்லைத் தங்கச்சி. மாமி அதுக்குப் பிறகு படத்தைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை" என்றார் அக்கா.

மொறிஸ் ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு அறிஞர், நினைவு என்பது தனி ஒருவருடையது மட்டுமல்ல, குடும்பம் போன்ற குழுக்கள் சேர்ந்து காப்பது என்று எழுதியிருக்கிறார். சமூகவியல் வகுப்பில் அதைப் பரீட்சைக்காகப் படித்தேன். அந்த வீட்டில்தான் அது விளங்கியது. தாய்க்குத் தழும்பு தெரியும். மனைவிக்குச் சிரிப்புத் தெரியும். மகளுக்கு எதுவும் சரியாக ஞாபகமில்லை. படத்தில் உள்ளதைத்தான் அவள் அப்பா என்று பழகப் போகிறாள். ஆகவே நல்ல பிரதி என்பது அழகான பிரதி அல்ல, முகத்தை மாற்றாத பிரதி.

கடைகளில் விசாரித்தும் நானே செய்து பார்த்தும் அறிந்தவற்றைக் கீழே தருகிறேன்.

முதலில், மூலப்படத்திலிருந்து தொடங்குங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் அளவும் தெளிவும் குறைந்துவிடும். திரையில் பார்க்க நன்றாக இருக்கும், பிரதி எடுத்தால் மங்கும். படம் வெளிநாட்டில் உறவினரிடம் இருந்தால், போனில் எடுக்காமல் ஸ்கான் பண்ணச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் அனுப்பலாம். வட்ஸ்அப்பிலேயே அனுப்புவதானால் "டொக்கியுமென்ற்" என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். அப்போது அளவு குறையாது. பழைய நெகற்றிவ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கடதாசிப் படத்தில் இல்லாத நுணுக்கம்கூட நெகற்றிவில் இருக்கும்.

படம் உங்கள் கையில் இருந்தால், போட்டோப் பிரதி எடுக்கும் கடைகளிலும் ஸ்கானர் உண்டு. ஆனால் கடிதம் ஸ்கான் பண்ணுகிற அளவிலேயே படத்தையும் பண்ணிவிடுவார்கள். "600 டிபிஐ வையுங்கோ, கலரிலை எடுங்கோ" என்று சொல்லுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில் எடுப்பதே நல்லது. அடையாள அட்டைப் படம் போலச் சிறியது என்றால் 1200 வைக்கச் சொல்லுங்கள். ஸ்கானர் இல்லாத இடத்தில், படத்தை வாசலில் வெயில் படாத வெளிச்சத்தில் சமமாக வைத்து, பிளாஷ் போடாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே சரியாமல் பிடித்து எடுங்கள். சூம் பண்ண வேண்டாம்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்து எடுக்கக் கூடாது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் பண்ணலாம்.

இரண்டாவது, எவ்வளவு பெரிதாக்கலாம் என்று அறிந்துகொள்ளுங்கள். கணினியில் படம் சிறு புள்ளிகளால் ஆனது. பிரதி தெளிவாக வர ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். ஆகவே 4×6 அங்குலப் படத்துக்கு 1200×1800 புள்ளிகளும், 8×12 அங்குலப் படத்துக்கு 2400×3600 புள்ளிகளும் தேவை. அடையாள அட்டைக்கு எடுக்கும் 35×45 மில்லிமீற்றர் படத்தை 600 இல் ஸ்கான் பண்ணினால் ஏறக்குறைய 825×1060 புள்ளிகள்தான் கிடைக்கும். அதிலிருந்து 2¾×3½ அங்குலப் பிரதி தெளிவாக வரும். 1200 இல் எடுத்தால் 5½×7 அங்குலம்வரை போகலாம். ஆனால் மூலப்படமே மங்கல் என்றால், ஸ்கானரை எவ்வளவு கூட்டினாலும் இல்லாதது வராது. சுவர் நிறையப் பெரிய படம் வேண்டும் என்று ஆசை வரும். பெரிய மங்கல் படத்தைவிடச் சிறிய தெளிவான படம் மேல்.

மூன்றாவது, கடைக்காரரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். இதுதான் முக்கியம். இப்போது சில கடைகளில் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் பழைய படத்தைப் புதிதாக்குகிறார்கள். படத்தில் தெரியாத இடத்தை அது ஊகித்து நிரப்பும். கண், பல், தோல் எல்லாம் அழகாக வரும். ஆனால் அது உங்கள் ஆளின் கண்ணோ பல்லோ அல்ல. கீறலையும் பூஞ்சணப் புள்ளியையும் அகற்றச் சொல்வதில் பிழையில்லை. "முகத்திலை கை வைக்க வேண்டாம், நிறத்தை வெள்ளையாக்க வேண்டாம், உடுப்பை மாத்த வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திருத்தாத ஸ்கானையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தால், கேட்காமலே மாலையும் விளக்கும் போட்டு, தோற்றம், மறைவு என்று இடம் விட்டுத் தந்த கடையும் உண்டு. காணாமற்போன மகனின் படத்தை அப்படி வாங்கிய தாய் ஒருவர் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்ததை நான் கண்டேன். படத்துக்கு மாலை போடுவதா இல்லையா என்பது அந்த வீட்டாரின் முடிவு. அதைக் கடைக்காரர் எடுக்க முடியாது. எதுவும் சேர்க்க வேண்டாம் என்று கொடுக்கும்போதே சொல்லுங்கள்.

நான்காவது, எதில் பிரதி எடுப்பது? மூன்று வகை உண்டு. கலர் லாப்பில் ஒளிபட்டு இரசாயனத்தில் கழுவி வரும் படம் ஒன்று. வெயில் படாமல் வைத்தால் பல பத்தாண்டுகள் இருக்கும். மை தெளித்து அச்சிடும் இங்ஜெற் படம் இரண்டாவது. இதிலும் இரண்டு விதமான மை உண்டு. சாதாரணச் சாய மை தண்ணீர் பட்டால் கரையும், வெயிலில் வெளிறும். பிக்மென்ற் மை கூடுதலாக நின்று பிடிக்கும். என்ன மை என்று கடையில் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால், பழுதான பிரதி ஒன்றை வாங்கி ஈரவிரலால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். மை விரலில் வந்தால் உங்கள் ஒரே படத்துக்கு அது சரிவராது. மூன்றாவது, சாதாரணக் கடதாசியில் எடுக்கும் கலர் பிரதி. விண்ணப்பங்களோடு இணைக்க அது போதும். வீட்டில் வைக்க உதவாது.

எங்கள் வீடுகளில் படத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்ப்போம். அதற்கு மற் கடதாசி நல்லது. விரல் அடையாளம் அவ்வளவாகத் தெரியாது. பளபளப்புக் கடதாசி புழுக்கத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். எந்தக் கடதாசி என்றாலும் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் நான்கு பக்கமும் மட்டை ஓரம் வைக்கச் சொல்லுங்கள். பெரிய பிரதிக்கு முதல் ஒரு சிறிய பிரதி எடுத்து, வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டுப் பிறகு தீர்மானியுங்கள்.

ஐந்தாவது, லமினேற். இதில் நானே பிழை விட்டவள். என் அம்மம்மாவின் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அவர் இளம் பெண்ணாக இருந்தபோது எடுத்தது, பல இடப்பெயர்வுகளிலும் அம்மாவின் கைப்பையில் தப்பி வந்தது. பாதுகாக்கிறேன் என்று பல்கலைக்கழகக் காலத்தில் அதைக் கொண்டுபோய் லமினேற் பண்ணினேன். சூட்டில் கன்னப் பக்கம் குமிழ்த்துவிட்டது. லமினேற் பண்ணியதை மீண்டும் பிரிக்க முடியாது. அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூலப்படத்தை ஒருபோதும் லமினேற் பண்ண வேண்டாம். வெயிலிலும் மழையிலும் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவர்கள் ஒரு பிரதியை லமினேற் பண்ணுங்கள். ஒட்டும் தாள் உள்ள அல்பங்களும் அப்படித்தான், பசை படத்தைத் தின்றுவிடும்.

ஆறாவது, பிரதியை ஓரிடத்தில் மட்டும் வைக்க வேண்டாம். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்திருந்து இழந்தவர்கள் நாங்கள். 2004 சுனாமியில் கரையோரச் சகோதரிகளுக்கும் அதுவே நடந்தது. ஒரு பிரதி உங்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரில் உள்ள சகோதரியிடம், ஸ்கான் பண்ணியது வெளிநாட்டில் உள்ள உறவினரிடம் என மூன்று இடத்தில் இருக்கட்டும். மூலப்படத்தைக் கடதாசி உறையில் இட்டு, மூடியுள்ள பெட்டியில், நிலத்திலும் ஈரச் சுவரிலும் படாமல் வையுங்கள். அடுப்புப் புகையும் விளக்குப் புகையும் படத்துக்கு ஆகாது. படத்தின் பின்னால் பேனையால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் பதியும். யார், எங்கே, எந்த வருடம் என்று தனித் துண்டில் எழுதி உறைக்குள் வையுங்கள். எழுதத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே எழுதுவியுங்கள்.

அலுவலகங்களிலோ விசாரணைகளிலோ படம் கேட்டால் பிரதியையே கொடுங்கள். மூலப்படத்தைக் கொடுத்துவிட்டு இன்றுவரை காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் வேலை முடிந்ததும் உங்கள் முன்னிலையிலேயே அவர்களின் கணினியிலும் போனிலும் உள்ள படங்களை அழிக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளின் படம் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி அந்த வீட்டுக்கு வருவோம். கனடாவில் உள்ள உறவினரோடு நான் கதைத்தேன். அவர் படத்தை 1200 இல் ஸ்கான் பண்ணி மின்னஞ்சலில் அனுப்பினார். பின்வரிசையில் நின்றவரின் முகம் சிறிதாக இருந்ததால் 2×3 அங்குலத்துக்கு மேல் தெளிவாக வராது என்று லாப் தம்பி உண்மையைச் சொன்னார். அதனால் முகத்தை அந்த அளவில் ஒன்றும், முழுப் படத்தையும் வெட்டாமல் 8×12 இல் ஒன்றும் எடுத்தோம். கோட்டும் இல்லை, நீல நிறமும் இல்லை. சாமத்திய வீட்டுப் பந்தல், முன்னால் சிறுபிள்ளைகள், பின்னால் சேட்டின் கையை மடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு அவர்.

ஆச்சி சிறிய படத்தைத்தான் முதலில் வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலைப் புருவத்தில் வைத்து, "கிடக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மகள் பெரிய படத்தைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராக "இது ஆர், இது ஆர்?" என்று கேட்கத் தொடங்கினாள். ஆச்சி பெயர் சொல்லச் சொல்ல, அக்கா கொப்பியில் எழுதினார். நான் தேத்தண்ணி குடித்து முடித்துப் புறப்படும்போதும் அவர்கள் எழுதி முடிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கும். இந்த மாதம் அதை வெளியே எடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.