கையெழுத்துப் போட மறுத்த ஆட்டக்காரர்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் பாடசாலை மைதானத்தில் பையன்கள் பந்தடித்து முடித்துவிட்டு, ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கழகம் ஒன்றின் பெரிய ஆட்டக்காரர், கேட்ட சம்பளம் கிடைக்காததால் கழகத்தை விட்டுப் போகிறாராம். "காசுக்காகக் காட்டிக் கொடுத்துட்டான் சேர்" என்றான் பத்தாம் ஆண்டுப் பையன் ஒருவன். அவன் போட்டிருந்தது அதே ஆட்டக்காரரின் இலக்கம் அச்சடித்த சட்டை. பக்கத்தில் கட்டில் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற பெரியவர், "கோடி கோடியா வாங்குறவனுக்கு இன்னும் என்னப்பா குறை?" என்றார்.

எனக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம்தான் இருந்தது. இன்று இல்லை. ஏன் இல்லை என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையையே இங்கே எழுதுகிறேன். பந்து விளையாட்டில் அக்கறை இல்லாதவர்களும் தயவு செய்து கடைசி வரை வாசியுங்கள். இது நம்முடைய கதையும்தான்.

இங்கிலாந்தில் நியூகாசில் யுனைட்டட் என்று ஒரு உதைபந்தாட்டக் கழகம். 1956இல் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற இளைஞர் அங்கே சேர்ந்தார். நல்ல திறமைசாலி, ரசிகர்களின் செல்லப்பிள்ளை. 1960இல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், வேறு கழகத்துக்குப் போக விடுங்கள் என்றார். அவர் சொன்ன குறைகளில் முதலாவது என்ன தெரியுமா? வீடு. கழகம் கொடுத்த வீடு குடியிருக்கத் தகுதியில்லாதது என்றார். கழகம் ஏற்பாடு செய்த மேலதிக வேலையும் சரியில்லை என்றார். லயத்தில் பிறந்த நமக்கு, ஒழுகுகிற கூரையைப் பற்றிப் பேசினால் நன்றி கெட்டவன் என்ற பட்டம் எப்படிக் கிடைக்கும் என்பதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

கழகம் மறுத்துவிட்டது. இங்கேதான் அந்தக் காலத்து விதியை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பெயர்ப் பதிவு கழகத்தின் கையிலேயே இருக்கும். கழகம் விடுவித்தால்தான் வேறு இடத்தில் விளையாடலாம். விடுவிக்க வேண்டுமென்றால் புதிய கழகம் பழைய கழகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். விடுவிக்கவும் இல்லை, கையெழுத்தும் போடவில்லை என்றால்? விளையாட முடியாது, சம்பளமும் கிடையாது. ஆட்டக்காரர்கள் இதை அடிமை ஒப்பந்தம் என்றே சொன்னார்கள்.

இதைச் சொன்னதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது துண்டு முறையில்லே?" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். நம்முடைய முப்பாட்டன்மார் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். இன்ன ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆட்களை விடுவோம் என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கைமாறிய பணம் ஒன்றும் தொழிலாளியின் மடிக்கு வராது. கடன் மட்டும் அவன் தலையில் இருக்கும். இலங்கையில் அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் இங்கிலாந்தில், ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டும் மைதானத்தில், அதே போன்ற ஒரு முறை 1960இலும் உயிரோடு இருந்தது.

ஈஸ்ட்ஹாம் விளையாட மறுத்தார். வடக்கிலிருந்த கழகத்தை விட்டுத் தெற்கே போய், தெரிந்தவர் ஒருவரிடம் தக்கை விற்கும் வேலைக்குச் சேர்ந்தார். மாதக்கணக்கில் பந்தைத் தொடாமல் இருந்தார். கடைசியில், அந்த ஆண்டு முடிவதற்குள், கழகம் இறங்கி வந்து 47,500 பவுணுக்கு அவரை ஆர்செனல் கழகத்துக்கு விட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஈஸ்ட்ஹாமால் எப்படித் தாக்குப் பிடிக்க முடிந்தது? அவர் பெரிய வீரர் என்பதால் மட்டுமா? இல்லை. அவருக்குச் சாப்பாட்டுக்கு ஒரு வழி இருந்தது. அந்தத் தக்கை வேலை இல்லாவிட்டால் அடுத்த மாதமே கழகத்தின் வாசலில் வந்து நின்றிருப்பார். முடியாது என்று சொல்லுகிறவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அப்போதுதான் அந்தச் சொல்லுக்குப் பலம் உண்டு.

அதே காலத்தில் இன்னொரு போராட்டமும் நடந்தது. அங்கே ஆட்டக்காரர்களுக்குச் சம்பள உச்சவரம்பு இருந்தது. எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் போட்டிக் காலத்தில் வாரம் 20 பவுணுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது விதி. மைதானம் நிறைந்து வாசலில் பணம் கொட்டும். ஆனால் ஆட்டக்காரரின் கைக்கு 20 பவுண்தான். அவர்களுடைய தொழிற்சங்கத் தலைவராக இருந்த ஜிம்மி ஹில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்.

மன்செஸ்டரில் நடந்த கூட்டத்தில் ஓர் இளம் ஆட்டக்காரர் எழுந்து, தன் தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் கஷ்டப்படுகிறார், அதைப் பார்க்க நமக்குக் கிடைப்பதே போதும் என்ற கருத்தில் பேசினாராம். அதற்குப் பதில் சொன்னவர் டொமி பேங்க்ஸ். அவரே சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்க வேலையின் கஷ்டம் எனக்கும் தெரியும், ஆனால் உன் தகப்பன் கரி வெட்டுவதைப் பார்க்க முப்பதாயிரம் பேர் காசு கொடுத்து வருவதில்லை, நான் ஸ்டான்லி மத்தியூஸை மறிப்பதைப் பார்க்க வருகிறார்கள் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். கூட்டத்தின் போக்கே மாறிவிட்டது.

தோழர்களே, அந்த இளைஞரின் பேச்சை நான் கேலி செய்யமாட்டேன். நம் மத்தியிலும் அதே பேச்சு இருக்கிறது. "பக்கத்துத் தோட்டத்தில் இதுகூட இல்லை, நமக்கு இருப்பது போதும்." இன்னொரு ஏழையைக் காட்டி நம்மை வாயடைக்கச் செய்வது மிகப் பழைய தந்திரம். சுரங்கத் தொழிலாளிக்குக் குறைந்த கூலி என்றால் அதற்குக் குற்றவாளி பந்து விளையாடுகிறவன் அல்ல. ஆட்டக்காரருக்குக் கொடுக்காத பணம் சுரங்கத்துக்குப் போனதும் இல்லை. அது கழக முதலாளியின் பெட்டியிலேயே இருந்தது.

1961 ஜனவரி 21 அன்று வேலை நிறுத்தம் என்று சங்கம் அறிவித்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் முதலாளிகள் பணிந்தார்கள். உச்சவரம்பு ஒழிந்தது. புல்ஹாம் கழகத்தின் ஜொனி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண் வாங்கும் முதல் ஆட்டக்காரரானார்.

இனி ஈஸ்ட்ஹாமின் வழக்கு. அவர் ஏற்கெனவே ஆர்செனலில் விளையாடிக்கொண்டிருந்தார். என் காரியம் முடிந்தது என்று ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. சங்கம் 15,000 பவுண் செலவை ஏற்க, வழக்கு நீதிமன்றம் போனது. 1963இல் நீதியரசர் வில்பர்போர்ஸ், ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரைப் பிடித்து வைக்கும் அந்த முறை நியாயமற்றது, ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுப்பது என்று தீர்ப்பளித்தார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸின் வம்சத்தில் வந்தவர் அந்த நீதியரசர். அந்தத் தீர்ப்பால் ஈஸ்ட்ஹாமுக்குப் பணமாகப் பெரிய இலாபம் ஒன்றுமில்லை. பலன் அடுத்து வந்தவர்களுக்குப் போனது. 1995இல் பெல்ஜியம் நாட்டு ஆட்டக்காரர் ஜோன் மார்க் பொஸ்மனின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒப்பந்தம் முடிந்தவரை விடுவிக்கப் பணம் கேட்க முடியாது என்றது. பொஸ்மன் ஒரு நட்சத்திரம்கூட அல்ல. பழைய சம்பளத்தில் கால்வாசிக்கு விளையாடு என்று கழகம் சொன்னதை மறுத்தவர், அவ்வளவுதான்.

இன்று போனில் நாம் பார்க்கிற நட்சத்திரங்களின் கோடிகள் இந்தப் போராட்டங்கள் திறந்துவிட்ட வழியால் வந்தவை. ஆகவே ஒருவர் கழகத்தோடு கணக்குத் தீர்த்துக்கொண்டு போகும்போது, "காசுக்காகப் போகிறான்" என்று அவசரமாகத் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. கழகமும் காசுக்காகத்தான் அவரை வைத்திருந்தது. காலில் அடிபட்டு விழுந்தால் அடுத்த ஒப்பந்தம் நீட்டப்படாது. அப்போது கழகத்தின் விசுவாசத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையல்ல. வாரம் 100 பவுண் ஹெய்ன்ஸுக்குத்தான் கிடைத்தது. சின்னக் கழகங்களில் ஆடியவர்களுக்கு அந்த உயரம் எட்டவே இல்லை. நட்சத்திரம் தனியாகப் பேரம் பேசலாம். அவர் போனால் வாசல் வருமானம் குறையும் என்று முதலாளிக்குப் பயம் உண்டு. நம்மில் ஒருவர் தனியாக ஆபீசுக்குப் போய் "இந்தச் சம்பளத்துக்கு நான் கொழுந்து பறிக்க மாட்டேன்" என்றால் யார் பயப்படுவார்கள்? ஒரு மலையே மட்டக் கம்பைக் கீழே வைத்தால்தான் பயப்படுவார்கள். நம்மில் தனி நட்சத்திரம் கிடையாது. எல்லோரும் சேர்ந்தால்தான் நமக்கு அந்தப் பலம்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன்? 2021இல் சம்பள நிர்ணய சபை ஊடாக ஆயிரம் ரூபா வந்தபோது, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அந்த ஒப்பந்தம் சம்பளத்தை மட்டும் பேசியதல்ல. நம்முடன் கூட்டாக உட்கார்ந்து பேச வேண்டும் என்ற கடமையும் அதில் இருந்தது. கூட்டாகப் பேசும் மேசை போனால் மிஞ்சுவது என்ன? ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நீட்டப்படும் தனித்தனிக் கடதாசிதான். கொழுந்து மலையைப் பிரித்துக் கொடுத்து, நாள் சம்பளத்துக்குப் பதிலாக வருமானத்தில் பங்கு தரும் முறை இன்று பல இடங்களில் பேசப்படுகிறது. அதில் நன்மை உண்டா, தீமை உண்டா என்பது தனி விவாதம். ஆனால் விவாதத்துக்கு முன்பே கையெழுத்து வாங்கப்படுவதை நான் கண்ணால் பார்த்தேன். பெயர் வேண்டாம், ஒரு தோட்டத்தில் என் சொந்த அக்காவே அப்படி ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். "என்னக்கா எழுதியிருந்துச்சு?" என்று கேட்டேன். "இங்கிலீசில இருந்துச்சு தம்பி, எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்" என்றாள். பிரதி ஒன்றும் அவள் கையில் இல்லை. வாத்தியார் தம்பி வீட்டில் இருந்தும் அவள் நிலை இது. எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விளங்காத மொழியில் உள்ள எந்தக் கடதாசியிலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் கேளுங்கள், பிரதி கேளுங்கள். அதைத் தோட்டக் கமிட்டியிடம் கொண்டு வாருங்கள். தலைவர் இல்லையென்றால் பாடசாலைக்கு வாருங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன். மூன்றாவது, சந்தாவைப் பாரமாக நினைக்காதீர்கள். ஈஸ்ட்ஹாமுக்கு வழக்குச் செலவு கொடுத்தது மற்ற ஆட்டக்காரர்களின் சந்தாக் காசுதான். அதே நேரம், அந்தக் காசு எங்கே போகிறது என்று எங்களிடம் கணக்குக் கேட்பதும் உங்கள் உரிமை. கேளுங்கள்.

அன்றைக்குக் கதை முடிந்ததும் அந்தச் சட்டை போட்ட பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப அவன் போனது சரியா சேர்?" என்று கேட்டான். "அவருடைய கடதாசியை நான் வாசிக்கவில்லை, அதனால் தெரியாது" என்றேன். "முதலில் உங்கள் அம்மாவின் கடதாசியை வாசிப்போம், கொண்டு வா" என்றேன்.

மறுநாள் காலை கொண்டு வந்தான்.