வேன் பேசும் முன் ஒரு வார்த்தை



அரையாண்டுப் பரீட்சை முடியப்போகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இந்நேரம் பேச்சு ஆரம்பித்திருக்கும். "விடியக்காலம் கிளம்புறோம், திருச்செந்தூர்ல சாமி கும்பிடுறோம், அப்படியே கடற்கரை ரோட்டுலயே கன்னியாகுமரி. ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்." யாராவது ஒரு சித்தப்பா இதைச் சொல்லியிருப்பார். எல்லோரும் சரியென்று தலையாட்டியிருப்பார்கள்.

கடல் மேல் நமக்குள்ள ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அணைப்பட்டியில் வைகைத் தண்ணீர் வந்துவிட்டது என்றாலே பைக்கை எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிளம்புகிறவர்கள் நாம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் என்றால் விடுவோமா?

"ஒரே நாளில்" என்ற பிடிவாதத்துக்கும் காரணம் இருக்கிறது. மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற வீட்டில் நாலு பேர் சேர்ந்தாற்போல் ரெண்டு நாள் வெளியூர் போவது லேசுப்பட்ட காரியமா? இன்று பறிக்காத மொட்டு நாளைக்குப் பூத்துவிடும். பூத்தபின் மார்க்கெட்டில் அதற்கு விலை ஏது? மார்கழிப் பனியில் வரத்து குறையும், உண்மைதான். ஆனால் அப்போதுதான் கிலோவுக்கு நல்ல விலையும் கிடைக்கும். அதை விட்டுவிட்டுக் கடற்கரையில் உட்கார யாருக்கு மனம் வரும்?

இன்னொரு காரணம் வேன் வாடகை. நாள் வாடகை பேசும்போது, இரவு 12 மணி தாண்டினால் அடுத்த நாள் கணக்கு என்பார்கள். அந்த ஒரு நாள் வாடகையை மிச்சம் பிடிக்கத்தான் திரும்பி வரும்போது எல்லோரும் டிரைவரை விரட்டுகிறோம். "அண்ணே, கொஞ்சம் மிதிங்கண்ணே" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும்.

இப்போது தூரத்தைக் கூட்டிப் பார்ப்போம். நம் நிலக்கோட்டையிலிருந்து மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் சுமார் 230 கிலோமீட்டர். அங்கிருந்து கடற்கரையை ஒட்டிக் கன்னியாகுமரி 90. கன்னியாகுமரியிலிருந்து திருநெல்வேலி, மதுரை வழியாக வீடு திரும்ப 290. ஆக மொத்தம் 600 கிலோமீட்டருக்குக் குறையாது. நிறுத்தி, டீ குடித்து, டோல்கேட்டில் நின்று போகிற வேன் மணிக்கு 50 கிலோமீட்டர் போனால் பெரிது. ஸ்டியரிங் பிடிக்கிற நேரம் மட்டும் 12 மணி நேரம். கோயில் வரிசையும் படகு வரிசையும் இதில் சேராது.

இந்த 12 மணி நேரத்தையும் ஓட்டுகிறவர் ஒரே ஆள். அதிகாலை 2 மணிக்கு நம் வாசலில் ஹாரன் அடிக்க, அவர் அதற்கு முன்பே எழுந்து வண்டியைக் கழுவி, டீசல் போட்டிருப்பார். முந்தின நாள் ராத்திரி அவர் எந்த சவாரியில் இருந்தார் என்று நாம் கேட்டிருக்கிறோமா?

2025 வரை நடப்பிலிருந்த 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றுதான் சொன்னது. ஆனால் அது ஐந்து பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களுக்கான சட்டம். ஒற்றை வேனை வைத்துக்கொண்டு தவணை கட்டுகிற மனிதரை அது எட்டிப் பார்த்ததில்லை. அவருக்கு வந்த சவாரியை விட முடியாது. "தூக்கம் வருது" என்று சொல்லவும் முடியாது, சொன்னால் அடுத்த தடவை வேறு வண்டியைக் கூப்பிடுவோம். நாலுவழிச் சாலை வேறு நேராக, சொகுசாக இருக்கிறது. விடியற்காலை மூன்று நாலு மணிக்குக் கண் அயர்வதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. "நின்றிருந்த லாரி மீது வேன் மோதியது" என்று பேப்பரில் படிக்கிறோமே, அவற்றில் எத்தனை இந்த நேரத்தில் நடந்தவை என்று கவனித்துப் பாருங்கள்.

அதனால் போகவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஒரே நாள் என்பதை நம் வாசலிலிருந்து கணக்கிடாமல், கடலோரத்தில் மட்டும் கணக்கிடுங்கள் என்கிறேன். திருச்செந்தூரில் விடிந்து கன்னியாகுமரியில் அடைகிற ஒரு பகல். அந்த 90 கிலோமீட்டருக்கு ஒரு முழுப் பகல் தாராளமாகத் தேவைப்படும்.

காலையில் பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் இரவு 8 மணிக்குள் திருச்செந்தூர். அடுத்த ரெண்டு நாள் பறிப்புக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லி வைப்பது நம் ஊரில் புதிதா என்ன? கல்யாணம் கருமாதிக்கெல்லாம் அப்படித்தானே சமாளிக்கிறோம்.

விடுதி அறையை முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். சனி, ஞாயிறு, கார்த்திகை, சஷ்டி நாட்களைத் தவிர்த்தால் பாதித் தொல்லை குறையும். பௌர்ணமி இரவில் கடற்கரையிலேயே தங்குகிற வழக்கம் சமீப வருடங்களில் பெருகிவிட்டது, அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது.

கோயிலுக்கு விடியும் முன்பே போய்விடுவது உத்தமம். கடலில் முழுகி, நாழிக்கிணற்றில் நீராடி, அப்புறம் சாமி. உப்புக் கடலுக்கு இத்தனை பக்கத்தில் அந்தச் சின்னஞ்சிறு ஊற்றில் நல்ல தண்ணீர் சுரப்பதைப் பிள்ளைகள் ஒரு வாய் ருசித்துப் பார்க்கட்டும். இந்தக் கோயிலுக்கு 2025 ஜூலை 7-ம் தேதிதான் குடமுழுக்கு நடந்தது. அதிலிருந்து கூட்டம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022-ல் உத்தரவிட்டதிலிருந்து கோயிலுக்குள் செல்போன் கூடாது. போன் இல்லாமல் பன்னிரண்டு பேர் ஒரு கூட்டத்துக்குள் போய்ப் பன்னிரண்டு பேராகவே வெளியே வருவது சாமானியமான விஷயமில்லை. அப்பத்தா ஒரு வாசலில் நிற்பார், பேரன் இன்னொரு வாசலில் அழுதுகொண்டிருப்பான். உள்ளே போகும் முன்பே, "பிரிஞ்சுட்டா இந்தத் தூண்கிட்டதான் வந்து நிக்கணும்" என்று ஒரு இடத்தைக் காட்டிவிடுங்கள். டிரைவரின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் குழந்தைகளின் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள்.

காலை 9 மணிக்கு வண்டி ஏறினால் குலசேகரன்பட்டினம் பக்கம்தான். தசராவுக்கு வேஷம் கட்டிக்கொண்டு போகிற முத்தாரம்மன் கோயில் ஊர். அதே ஊரில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கண் விரியும்.

கொஞ்ச தூரத்தில் மணப்பாடு. இந்தப் பயணத்தில் என் ஓட்டு இந்த ஊருக்குத்தான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் மேடு, மேலே திருச்சிலுவை ஆலயம், கடல் பக்கமாக இறங்கினால் ஒரு குகை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை அது. மேட்டின் மேல் நின்றால் மூன்று பக்கமும் கடல், நாலாவது பக்கம் பழைய ஓட்டு வீடுகள். இந்த ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் முடையும் கூடைகளைப் பேரம் பேசாமல் ஒன்றிரண்டு வாங்கி வாருங்கள். பூ கட்டுகிற கைகளின் வேலை என்னவென்று தெரிந்தவர்கள்தானே நாம்? ஒரு மணி நேரமாவது இங்கே இருக்கவேண்டும். பதினைந்து நிமிஷத்தில் செல்ஃபி எடுத்துவிட்டு ஓடுவதாக இருந்தால் இறங்கவே வேண்டாம்.

அப்புறம் சாலை முழுக்கச் செம்மண் தேரியும் பனையும்தான். கடல் எப்போதும் கண்ணில் தெரிந்துகொண்டே வரும் என்று நினைக்காதீர்கள். சில இடங்களில் ஒளிந்துகொள்ளும், ஊர் வந்தால் எட்டிப் பார்க்கும். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. நல்லது எது, சீனி கலந்தது எது என்று வாயில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். மார்கழி, தை என்றால் கட்டுக்கட்டாகப் பனங்கிழங்கு.

உவரியில் மதிய வெயிலுக்கு முன் ஒரு நிறுத்தம் போடலாம். கடற்கரையிலேயே சுயம்புலிங்க சுவாமி கோயில், கொஞ்சம் தள்ளி அந்தோணியார் கோயில், கப்பல் மேல் விமானம் நிற்கிற மாதிரி கட்டிய கப்பல் மாதா கோயில். மூன்றுக்கும் எல்லா மதத்தவரும் வருகிறார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சாலையிலிருந்து பார்த்துக்கொண்டே கடந்துவிடுவதுதான்.

பயணத் திட்டம் போடும்போது யாரும் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. நம் வீட்டுப் பெண்கள் வேன் பயணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். கடற்கரைச் சாலையில் நல்ல கழிப்பறை அடிக்கடி கிடைக்காது. பெட்ரோல் பங்கில் இருக்கும், ஆனால் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சம். ஆண்களே, நீங்கள் டீ குடிக்க நிறுத்துகிற இடத்தை முடிவு செய்வதற்கு முன், அங்கே கழிப்பறை இருக்கிறதா என்று நீங்களே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பத்தாவுக்கு மூட்டுவலி. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

கன்னியாகுமரிக்கு மதியம் 1 மணிக்குள் போய்ச் சேர்வது முக்கியம். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் வழக்கமாகக் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணியோடு நின்றுவிடும். ஐயப்ப பக்தர்கள் வருகிற இந்த மாதங்களில் வரிசையைப் பற்றிச் சொல்லவேண்டாம். 1970-ல் திறந்த விவேகானந்தர் பாறை, 2000 ஜனவரி 1-ல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் எல்லாம் படகு போனால்தான். கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ காற்று கூடினாலோ படகை நிறுத்திவிடுவார்கள். அப்படி நேர்ந்தால் டிக்கெட் கவுண்டரில் சண்டை பிடிக்காமல் வட்டக்கோட்டைக்குப் போய்விடுங்கள். திருவிதாங்கூர் மன்னர் காலத்துக் கோட்டை, மதில் மேல் காற்று வாங்கலாம்.

சூரியன் கடலுக்குள் இறங்குவதைக் கன்னியாகுமரியில் வருடம் முழுக்கப் பார்க்க முடியாது. ஐப்பசியிலிருந்து மாசி வரைதான் தெளிவாகத் தெரியும். சித்திரை, வைகாசிக் கோடை விடுமுறையில் போய்விட்டு, "சூரியன் கரைப் பக்கமா போயிடுச்சே" என்று திரும்பியவர்கள் நம்மில் நிறையப் பேர். மார்கழியில் அந்தக் குறை இல்லை.

கடலில் இறங்குவது பற்றி ஒரே வரி: முழங்காலுக்கு மேல் வேண்டாம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்ட லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். படித்த பிள்ளைகள், கூட்டமாகத்தான் நின்றார்கள். கிணற்றில் நீச்சல் பழகிய நம் பையன்களின் தைரியம் அந்தக் கடலில் செல்லாது.

அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் சூரிய உதயம் பார்த்துவிட்டு 7 மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஊர் வந்துவிடலாம். கொடைரோடு வழியாகப் போகிற அதே 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் கன்னியாகுமரியில் போய் முடிகிறது. பகலில், தூங்கி எழுந்த டிரைவர் ஓட்டினால் அது நல்ல சாலை.

"மூணு நாள் வேன் வாடகை, ரெண்டு ராத்திரி லாட்ஜ். யார் கொடுக்கிறது?" நியாயமான கேள்வி. நாலைந்து பேர் உள்ள வீடு என்றால் வேனே எதற்கு? பாலக்காட்டிலிருந்து பழனி, திண்டுக்கல், மதுரை வழியாகத் திருச்செந்தூருக்கு ரயில் போகிறது. திருச்செந்தூரில் ஒரு வாடகைக் கார் பேசிக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியில் இறக்கிவிட்டுத் திரும்புகிற தூரத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள், அதுவும் 90 கிலோமீட்டர்தானே. கன்னியாகுமரியிலிருந்து வருகிற ரயில்களும் மதுரை, திண்டுக்கல் வழிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், லாட்ஜுக்கு ஆகிற காசு வேன் வாடகையில் மிச்சமாகும்.

பெரிய குடும்பம், வேன்தான் சரி என்றால் மஞ்சள் போர்டு வண்டியாகப் பாருங்கள். "நம்ம பையன் வண்டிதான், சொந்த போர்டு, ரேட்டு கம்மி" என்று வருவார்கள். வாடகைக்கு ஓட்டிய சொந்த போர்டு வண்டி மோதினால் இன்சூரன்ஸ் கேட்டு நீங்கள் கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் நடக்கவேண்டியிருக்கும்.

வாடகையை எத்தனை பேசுவீர்களோ, அது உங்கள் சாமர்த்தியம். ஆனால் பேசி முடிக்கும்போது, "முந்தின நாள் ராத்திரி வேற சவாரி இருக்கா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் தேதியை மாற்றுங்கள், இல்லை இரண்டாவது டிரைவரைக் கேளுங்கள். லாட்ஜில் அறை போடும்போது அவருக்கும் ஒரு கட்டில் சேர்த்துப் போடுங்கள். கொசுக்கடியில் வேன் சீட்டில் அவரைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் உங்கள் பிள்ளைகளை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்