இணைந்தது என்கிறது, இணையம் எங்கே?

திருநெல்வேலி சந்திப்பு நிலையம். அம்பாசமுத்திரம் வண்டிக்குக் காத்து நிற்கிறான் ஒரு பீடித் தொழிலாளி. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள். கைப்பேசியில் ரெயில்வயர் வைஃபையைத் தொடுகிறான். 'இணைந்தது' என்கிறது. அடுத்த வரியிலேயே 'இணையம் இல்லை' என்கிறது! இது என்ன விந்தை?

விந்தையல்ல தோழர்களே, வாயிற்காவல்! வைஃபையில் சேர்ந்ததும் கைப்பேசி ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தட்டிப் பார்க்கும். எதிர்பார்த்த விடை வந்தால் வழி திறந்திருக்கிறது. வேறு விடை வந்தால், நடுவே காவலன் நிற்கிறான் என்றறிந்து, நம் எண்ணைக் கேட்கும் பக்கத்தைக் காட்டும். இந்தச் சோதனை பிசகினால் பக்கமே வராது. நாமாக ஒரு தளத்தைத் திறந்தாலோ, இன்றைய தளங்கள் பெரும்பாலும் பூட்டுப் போட்டவை. இடையில் புகுந்து வேறு பக்கத்தை நீட்டுபவனை ஆள்மாறாட்டக்காரன் என்று தள்ளிவிடும். தள்ளுவது நியாயம்தான். வெளியே நிற்பவன் நம் தோழனாயிற்றே!

சரி, பக்கம் வந்தது, எண்ணும் கொடுத்தான். குறுஞ்செய்தியில் இரகசிய எண் வருமாம்! செல்பேசிச் சேவை கிடைக்காததால்தானே வைஃபையைத் தேடினான்? ரீசார்ஜ் தீர்ந்து சேவை நின்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி எப்படி வரும்? குளித்துவிட்டு வந்தால்தான் தாமிரபரணியில் இறங்கலாம் என்கிற கதையல்லவா இது!

2016 சனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளும் ரெயில்டெல்லும் தொடங்கிய திட்டம் இது. கூகுள் 2020-இல் விலகுவதாக அறிவித்தது. ரெயில்டெல் தொடர்ந்து நடத்தி, 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்குக் கொண்டுபோயிற்று. பாராட்டுகிறோம்.

அடையாளம் கேட்காமல் விடலாமா என்பார்கள். கேட்கட்டும்! 2008-இல் பிறர் வைஃபையில் புகுந்து பயங்கரவாதிகள் மின்னஞ்சல் அனுப்பினர். அதன்பின் 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை ஆணை பிறப்பித்தது. அந்த ஆணை காட்டியது ஒரு வழியல்ல, இரண்டு! குறுஞ்செய்தி ஒன்று, அடையாள அட்டை நகல் மற்றொன்று. முதல் வழி எங்கும் நிற்கிறது. இரண்டாவது என்னவாயிற்று? பயணச்சீட்டு தரும் சாளரத்திலேயே அட்டையைப் பார்த்து ஒரு கடவுச்சொல் எழுதித் தந்தால் ஆகாதா? வாயிற்காவல் இருப்பதை வலையமைப்பே கைப்பேசிக்கு நேராகச் சொல்லும் முறையும் 2020-இல் உலகத் தரமாக வெளிவந்துவிட்டது. அதையும் எல்லா நிலையங்களிலும் கொண்டுவரட்டும். எண் கேட்கும் பக்கம் தமிழிலும் இருக்கட்டும்.

அதுவரை, தோழர்களே, மொபைல் டேட்டாவை அணைத்து, விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்தி, அந்த வைஃபையை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். பல வேளைகளில் பக்கம் வந்துவிடும். வராவிட்டால் நாளையும் நேரத்தையும் குறித்து, நிலைய மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.