இதுவும் இருக்கட்டும்!



பிரயாணம் என்று வந்துவிட்டால், வீட்டில் பொதி கட்டும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களின் கையில்தான். பையை மூடப் போகும் நேரத்தில் எமது வாயிலிருந்து தவறாமல் ஒரு சொல் வரும்: "இதுவும் இருக்கட்டும்." குளிர்ந்தால் போர்த்த ஒரு சால்வை, பசித்தால் தின்ன ஒரு பிஸ்கட் டின், எதற்கும் இன்னொரு சோடி உடுப்பு. பஸ்ஸில் போகிறவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. பொதியைத் தன் இரண்டு கால்களாலேயே மிதித்துக் கொண்டு போக வேண்டியவருக்கோ அந்தச் சொல்லின் கனம் முதல் மேட்டிலேயே தெரிந்துவிடும்.

கூடாரம், படுக்கை, சமையல் சாமான் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாட்கணக்கில் பயணம் செய்வோர் உலகில் பலர் இருக்கிறார்கள். இக்கலைக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் ஒரு தையற்காரர்! தோமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற அவர் லண்டனில் தொழில் செய்தவர். சிறு வயதில், 1853இல், வண்டித் தொடர் ஒன்றோடு அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்து சென்றவர். வெட்டவெளியில் தங்கும் பழக்கம் அன்று தொடங்கியது. பிற்காலத்தில், சைக்கிளில் கொண்டுபோகக்கூடிய மெல்லிய கூடாரங்களைத் தானே வடிவமைத்தார். 1897இல் அயர்லாந்தில் அப்படி ஒரு பயணம் செய்து, மறு வருடம் அதை நூலாகவும் எழுதினார். 1901இல் இங்கிலாந்தின் வான்டேஜ் என்ற ஊரில் இத்தகைய பயணிகளின் சங்கம் ஒன்று உருவாவதற்கு அவரே காரணமாக இருந்தார். துணியின் கனம் எவ்வளவு, எங்கே ஒரு மடிப்பைக் குறைக்கலாம் என்பதெல்லாம் தையல் தெரிந்த கைக்குத்தானே தெரியும்?

இனி, இதற்கென ஒரு சைக்கிளை எப்படி ஆயத்தம் செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

சட்டம் உறுதியான உருக்கால் ஆனதாக இருப்பது நல்லது. பின் சில்லுக்கும் பெடலுக்கும் இடையில் போதிய தூரம் வேண்டும். இல்லாவிட்டால் மிதிக்கும் போதெல்லாம் குதிக்கால் பையில் இடிக்கும். பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது பின் சில்லு. ஆகவே அதில் 36 கம்பிகள் இருப்பதைப் பலர் விரும்புகிறார்கள். டயர் 35 மில்லிமீற்றருக்குக் குறையாத அகலமாக இருந்தால் கரடுமுரடான பாதையிலும் தாங்கும். மேட்டில் மெதுவாக ஏறுவதற்குச் சிறிய கியர் தேவை. எல்லாவற்றிலும் முக்கியமானது பிரேக். பாரம் கூடக் கூட, சைக்கிளை நிறுத்தப் பிடிக்கும் தூரமும் கூடும். மழையில் அது இன்னும் அதிகமாகும்.

அடுத்தது பொதி கட்டுவது. சந்தைக்கு மரக்கறி மூட்டை கொண்டு போகிறவர்களை எமது ஊர்களில் பார்த்திருப்பீர்கள். மூட்டை ஒரு பக்கம் சரிந்தால் ஹேண்டில் கையில் நிற்காது. இங்கும் அதே கணக்குத்தான். கெரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகள் ஒரே நிறையாக இருக்க வேண்டும். கனமான சாமான் அடியில், சில்லுக்கு நெருக்கமாக. படுக்கையும் மாற்றுடுப்பும் பொலித்தீன் உறைக்குள். மழைச் சட்டை எல்லாவற்றுக்கும் மேலே; தேடிக்கொண்டிருக்க மழை அவகாசம் தராது. அடுப்புக்கான எரிபொருள் உணவோடு சேராமல் தனியே. கட்டிய பட்டியின் நுனி ஒருபோதும் தொங்கக் கூடாது. அது சில்லில் சிக்கினால் ஆளையே தூக்கி எறிந்துவிடும்.

கட்டி முடித்ததும் புறப்பட்டுவிடக் கூடாது. முழுப் பாரத்தோடும் ஒரு நாள் ஓடிப் பார்த்து, ஆணிகளை மீண்டும் முறுக்கிய பின்னரே நெடும் பயணம்.

சரி, எதைக் கொண்டு போவது, எதை விடுவது? அனுபவசாலிகள் சமையலறைத் தராசிலேயே ஒவ்வொன்றையும் நிறுக்கிறார்கள். ஒருவருக்கான கூடாரம் இரண்டு கிலோவுக்குள், படுக்கைப் பை ஒரு கிலோ அளவில், விரிப்பு அரைக் கிலோ. இப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, உணவும் தண்ணீரும் நீங்கலாக 10 கிலோவுக்குள் அடக்கிவிடுவோரும் உண்டு. திரும்பி வந்ததும் சாமான்களை மூன்று குவியலாகப் பிரிக்கிறார்கள்: தினமும் பயன்பட்டவை, எப்போதாவது பயன்பட்டவை, ஒருமுறையும் பயன்படாதவை. மூன்றாவது குவியல் அடுத்த முறை வீட்டிலேயே தங்கிவிடும். ஆனால் மருந்து, மழைச் சட்டை, டியூப் ஒட்டும் சாமான், கருவிகள் ஆகிய நான்கும் பயன்படாவிட்டாலும் போக வேண்டியவை. தேவை வேறு, பயம் வேறு என்று பிரித்தறிய இதைவிட நல்ல பயிற்சி உண்டா?

அயர்லாந்துப் பெண் டெர்வ்லா மர்ஃபியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 10 வயதில் ஒரு பழைய சைக்கிளும் உலகப் படப் புத்தகமும் பரிசாகக் கிடைத்தபோது, இந்தியாவுக்குச் சைக்கிளிலேயே போவதென்று முடிவு செய்தார். ஆனால் தாய் நோயாளி. 14 வயதில் பாடசாலையை விட்டு, தாயைப் பராமரிக்க வீட்டில் நின்றார். 1962இல் தாய் காலமானார். 1963 ஜனவரியில், தமது 31ஆவது வயதில், தனியே புறப்பட்டார். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி சேர்ந்தார். கரடுமுரடான பாதைகளுக்குத் தாங்காது என்று சைக்கிளின் கியரையே கழற்றிவிட்டிருந்தார். மாற்று டயர்களைச் சுமக்காமல், வழியிலுள்ள இடங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார். இரவுகளில் பெரும்பாலும் வழியிலிருந்த விடுதிகளிலும் அவரை வரவேற்ற வீடுகளிலும் தங்கினார். 1965இல் அந்தப் பயணத்தை நூலாக்கினார்.

சகோதரிகளே, இருபது வருடங்களுக்கு மேல் காத்திருந்த ஒரு பெண், புறப்படும் போது எதைச் சேர்க்கலாம் என்று மட்டும் பார்க்கவில்லை. எதைக் கழற்றலாம் என்றும் பார்த்தார்.

உங்கள் மகனோ மகளோ நாளை ஒரு பயணத்துக்கு ஆயத்தமாகலாம். சைக்கிளோ, பஸ்ஸோ, வெளியூரில் படிப்போ, எதுவாகவும் இருக்கட்டும். பொதியை நீங்களே கட்டிக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் இருந்து, "இது எதற்கு மகன்?" "இது இல்லாவிட்டால் என்ன செய்வாய் மகள்?" என்று கேளுங்கள். கட்டுவதும் தூக்கிப் பார்ப்பதும் அவர்களே செய்யட்டும். சுமக்கப் போகிறவர்களுக்குத்தான் பாரம் தெரியும். எமது அன்பு அவர்களுடைய முதுகில் கனக்க வேண்டியதில்லை.